குழந்தை ஏந்திய வெண்பீங்கான் சுரூபம்

பழம்பொருள்களின் மதிப்பை வேலைப்பாட்டாலும் வயதாலும் அளப்பது உலக வழக்கம். ஆயினும் அவற்றை ஏந்திய கைகளையும் அறிந்தாலன்றி அம்மதிப்பு முழுமை பெறாது. சீனத்தில் உருவாகி ஜப்பானியரின் செபத்தில் இடம் பெற்ற ‘மரியா கன்னோன்’ சிலைகளே இதற்குச் சான்று.

சீனாவின் பூஜியன் மாகாணத்திலுள்ள தேஹுவா என்னும் ஊர் வெண்பீங்கானுக்குப் பெயர் பெற்றது. 17ஆம் நூற்றாண்டில் அவ்வூர்ச் சூளைகளில் குவான்யின் சிலைகள் பல செய்யப்பட்டன. குவான்யின், கருணையின் வடிவாகப் பௌத்தர் போற்றும் போதிசத்துவர். ஜப்பானியர் அவரைக் கன்னோன் என்பர். வண்ணம் தீட்டாது, தந்தம் போன்ற வெண்மையாலும் ஆடை மடிப்புகளின் நெளிவாலும் சாந்தத்தை உணர்த்துவது அக்கலைஞரின் திறன். மகப்பேறு வேண்டுவோர்க்கென, மடியில் குழந்தையோடு அமைந்த வடிவமும் உண்டு.

நம் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார் 1549இல் ஜப்பானில் விதைத்த விசுவாசம், 1614இல் அந்நாடெங்கும் தடை செய்யப்பட்டது. திருவுருவங்களைக் காலால் மிதிக்கச் சொல்லி மக்களைச் சோதித்தனர். அக்கொடிய வேதகலாபனையில் நாகசாகிப் பகுதியில் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள், குழந்தை ஏந்திய கன்னோன் சிலையை வீட்டில் வைத்து, தேவதாயை நினைந்து செபித்தனர். குருக்களின்றியே 200 ஆண்டுகளுக்கு மேல் விசுவாசத்தைக் காத்தனர். 1856இல் உரகாமியில் கைதானோரிடம் பறிக்கப்பட்ட அத்தகைய சிலைகள், இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. 1865 மார்ச் 17 அன்று நாகசாகியின் ஓவுரா ஆலயத்திற்கு வந்த உரகாமி மக்கள், அருட்தந்தை பெத்திழானிடம் கேட்டது, மரியன்னையின் சுரூபம் எங்கே என்பதே!

பௌத்தர் இல்லத்துச் சிலைக்கும் இதற்கும் உருவில் வேற்றுமை காண்பது அரிது. யார் இல்லத்தில், எவ்வாறு வணங்கப்பட்டது என்னும் வரலாறே அதனை மரியா கன்னோன் ஆக்குகிறது. ஆதலால் வணிகர் சூட்டும் பெயரை மட்டும் நம்பலாகாது. ‘இது எவரிடமிருந்து வந்தது?’ எனக் கேட்பது கலையைப் போற்றுவோரின் கடமை.

அன்பார்ந்த குடும்பத்தாரே, உங்கள் இல்லத்திலும் பாட்டனார் காலத்துச் சுரூபமோ செபமாலையோ இருக்கலாம். அதனை எவர் வாங்கினார், எத்துன்பத்தில் அதன்முன் முழந்தாளிட்டார் என்பதை எழுதிப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். சொல்வாரின்றிப் போனால், விசுவாசத்தின் சாட்சியும் நாளை வெறும் பழம்பொருளாகிவிடும்.