இளைப்பாறியவர்க்கு ஒரு கலாசாலை

மாலை ஐந்து மணிக்குக் கல்லடிப் பாலத்தருகே சென்று பாருங்கள். வாவிக் காற்று மெல்ல வீசத் தொடங்கும் நேரம் அது. 1924-ஆம் ஆண்டு முதல் மட்டக்களப்பின் பாரத்தையெல்லாம் தாங்கி நின்ற பழைய இரும்புப் பாலத்திற்கு இன்று ஓய்வு கிடைத்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டில் அதன் அருகே திறக்கப்பட்ட புதிய பாலம் பேருந்துகளையும் பாரவண்டிகளையும் தன்மேல் ஏற்றுக்கொண்டுவிட்டது.

பாலத்தைப் போலவே வேலையிலிருந்து ஓய்ந்த மனிதர் சிலரும் அங்கே காற்று வாங்க வருவர். ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்தவராக இருப்பார். மற்றொருவர் தபாற் கந்தோரில் இருந்தவர். இன்னொருவர் நில அளவையாளர். காணி உறுதியும் வரைபடமும் அவருக்கு மனப்பாடம். அவர்களுடைய பேச்சைச் சிறிது கேட்டால், அது மூன்று பொருள்களைச் சுற்றியே வருவது புலனாகும். மருந்து, விலைவாசி, மரண அறிவித்தல் என்பனவே அவை. இருள் பரவியதும் வீடு திரும்புவர். பிள்ளைகள் கொழும்பிலோ, கனடாவிலோ, இலண்டனிலோ இருப்பர். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி மணி ஒலிக்கும். மற்றை ஆறு நாள்களும் எப்படிக் கழியும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இளைப்பு ஆறியபின்?

உத்தியோகத்திலிருந்து விலகுவதை நம் நாட்டுத் தமிழர் 'இளைப்பாறுதல்' என்று வழங்குவர். அழகான சொல். வெயிலில் நடந்து களைத்தவன் மரநிழலில் அமர்ந்து இளைப்பாறுகிறான். இளைப்பு ஆறியதும் எழுந்து மேலே நடக்கிறான், மரத்தடியிலேயே தங்கிவிடுவதில்லை. நாமோ அச்சொல்லின் முற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அரசாங்க ஊழியர் அறுபது வயதில் இளைப்பாறுகின்றனர். அதன்பின் பதினைந்து, இருபது ஆண்டுகள் நல்ல தெளிவோடு வாழ்வோர் பலர். 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே, இலங்கையில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நூற்றுக்குப் பன்னிருவர்க்கு மேல் இருந்தனர். அத்தொகை ஆண்டுதோறும் ஏறி வருகிறது. முதியோருக்கு ஆஸ்பத்திரி வேண்டும், உதவிப்பணம் வேண்டும் என்று பேசுகிறோம், வேண்டியவையே. ஆனால் அறிவுக்கும் பசி உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

மேனாட்டில் நடந்தது

இம்மறதியை மேனாட்டார் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்தனர். பிரான்சு தேசத்துத் துலூசு நகரிலே, பியர் வெல்லாசு என்ற சட்டப் பேராசிரியர் 1973-ஆம் ஆண்டில் முதியோருக்கெனப் பல்கலைக்கழக வகுப்புகளைத் தொடங்கினார். அதற்கு 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' என்று பெயர். கற்கும் பருவம் முதலாவது. உழைக்கும் பருவம் இரண்டாவது. கடமைகள் குறைந்து, மனம் விரும்பியதைச் செய்யத்தக்க பருவம் மூன்றாவது.

1981-ஆம் ஆண்டில் இவ்வெண்ணம் கடல் கடந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரை அடைந்தது. வரலாற்றாசிரியர் பீற்றர் லாசுலெற், சமூகவியலறிஞர் மைக்கேல் யங், கல்வியாளர் எரிக் மிட்வின்றர் ஆகிய மூவரும் அதற்கு ஒரு புது வடிவம் கொடுத்தனர். துலூசில் பேராசிரியர் கற்பித்தார், முதியவர் கேட்டார். இங்கிலாந்திலோ முதியவரே கற்பித்தனர், முதியவரே கற்றனர். நேற்றுத் தாவரவியல் சொன்னவர் இன்று இசை வகுப்பில் மாணவராய் அமர்வார். பரீட்சை இல்லை, பட்டம் இல்லை, வயது தவிர வேறு தகுதி கேட்பதும் இல்லை. சொற்பொழிவு, வாசிப்பு, நடைப்பயணம், பழைய இடங்களைக் காணும் சுற்றுலா, கூடித் தேநீர் அருந்துதல் ஆகிய யாவும் அங்கே பாடத்திட்டம். இன்று அந்நாட்டில் இத்தகைய கிளைகள் ஆயிரத்துக்கு மேல் உள்ளன.

நமக்குப் புதிதா?

'இவையெல்லாம் வெள்ளைக்காரருக்குச் சரி' என்று சிலர் கூறலாம். சற்றுப் பொறுங்கள். நம்மூர்க் கோயில் மண்டபத்தில் நடந்த புராண படனம் வேறென்ன? ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, உழவரும் வணிகரும் மூதாட்டியரும் சுற்றியிருந்து கேட்டனர். வைகாசியில் கண்ணகியம்மன் கோயில்களிலே கதவு திறந்து குளிர்த்தி நிகழும்வரை வழக்குரை பாடப்படுகிறது. பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலில் பாரதக்கதை படிக்கப்படுகிறது. பாடசாலையின் வாயிற்படியை மிதியாதவரும் இப்படனங்களால் பெரும் இலக்கியத்தைத் தம் நெஞ்சில் ஏற்றிக்கொண்டனர். ஊர்க் களரியிலே கூத்துப் பழக்கும் அண்ணாவியாரும் அத்தகைய ஆசானே. வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாட்டை ஏட்டைப் பாராமலே ஆடிக் காட்டுவார்.

ஔவையார் சிறுவர்க்கு இளமைக் கல்வியை வற்புறுத்தினார். முதுமையில் கல்லாதே என்று அவர் எங்கும் சொன்னதில்லை. வள்ளுவரோ கல்வி அதிகாரத்திலேயே, சாகும்வரை ஒருவன் கல்லாதிருப்பது எதனால் என்று வியந்து கேட்கிறார்.

மண்டூரிற் பிறந்த புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளை அவர்களின் 'பகவத்கீதை வெண்பா' 1962-ஆம் ஆண்டு முதல் வெளிவரத் தொடங்கியபோது, அவர் அறுபது ஆண்டைக் கடந்தவர். நம் காலத்திலே பேராசிரியர் சி. மௌனகுரு அவர்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து இளைப்பாறிய பின் மட்டக்களப்பில் 'அரங்க ஆய்வுகூடம்' அமைத்து, இளைஞரைக் கூட்டி நாடகமும் கூத்தும் பயிற்றியிருக்கிறார். வேலை ஓய்ந்தது, பணி ஓயவில்லை.

வாவி கற்பித்த பாடம்

அறிவைப் பகிர்வதில் பெரியவர், சிறியவர் என்ற வேறுபாடு இல்லை என்பதற்கு நம் வாவியே ஒரு கதை வைத்திருக்கிறது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் எமர்சன் தெனன்ற், 1848-ஆம் ஆண்டு செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தார். வாவிக்குள்ளிருந்து இசை எழுகிறது என்று கேள்வியுற்று, நிலவிரவில் தோணியேறிச் சென்று தாமே கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழுவது போன்ற நுண்ணிய ஒலிகள் பலவாய் அடியிலிருந்து வந்தன என்று பின்னர் 1859-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எழுதினார்.

அவருக்கு அந்த இடத்தைக் காட்டியவர்கள் மீனவர்கள். ஒலிக்குக் காரணம் ஊரி என்று சொல்லி அதனை எடுத்துக் கொடுத்தவர்களும் அவர்களே. அந்நேரத்தில் துரை மாணவர், தோணிக்காரர் ஆசிரியர். பின்னர் சுவாமி விபுலாநந்தர் அவ்விசையை 'நீரர மகளிர்' என உருவகித்து யாழ் நூலிலே பாடினார். 1950-களில் புனித மிக்கேல் கல்லூரியிலிருந்த லாங் என்ற இயேசுசபைக் குருவானவர் அதனை ஒலிப்பதிவு செய்தார். பாடுவது மீனா, ஊரியா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஓயாத வாதத்தைப் போல முதியோர் சபைக்கு உகந்த பொருள் வேறு எது?

விபுலாநந்த அடிகளைப் பற்றி ஒரு சொல். காரைதீவில் 1892-இல் பிறந்த அவர் விஞ்ஞானம் கற்றவர். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். 1920-இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். அத்தனையும் ஆன பின்னரும் ஆராய்ச்சியை விடாது, 1947-ஆம் ஆண்டு யூன் மாதம் யாழ் நூலை அரங்கேற்றினார். அடுத்த மாதமே மறைந்தார். இறுதிவரை மாணவராய் வாழ்ந்த அவரே இத்தகைய கலாசாலைக்குச் சரியான காவலர்.

எவ்வாறு தொடங்குவது?

பெரிய கட்டடம் வேண்டாம். பெரும் பணமும் வேண்டாம். பத்துப் பேர் போதும். 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னர் ஊர்தோறும் முதியோர் சங்கங்கள் தோன்றியுள்ளன. இரத்த அழுத்தம் பார்ப்பதற்கும் உதவிப்பணம் பேசுவதற்கும் கூடும் அதே சங்கத்தில், ஒரு மணி நேரத்தை அறிவுக்கு ஒதுக்கலாம். சனிக்கிழமை பிற்பகலில் வெறுமையாய்க் கிடக்கும் வகுப்பறையோ, நூல்நிலைய மண்டபமோ, கோயில் மடமோ இடமாகும்.

முதற் கூட்டத்திலே ஒவ்வொருவரும் இரண்டு விடைகளை எழுதட்டும். 'எனக்குத் தெரிந்தது என்ன? நான் அறிய விரும்புவது என்ன?' நில அளவையாளர் பழைய வரைபடத்தை விளக்குவார். மருத்துவமாது பிரசவம் வீட்டிலே நடந்த காலத்தைச் சொல்வார். வயற்காரர் மறைந்துபோன நெல்லினங்களை எண்ணிக் காட்டுவார். கணித ஆசிரியருக்கு நாற்பது ஆண்டுகளாக வீணை கற்க ஆசை இருந்திருக்கலாம். அதைச் சொல்லிக்கொடுக்க மூன்றாம் வீட்டில் ஒருவர் இருந்திருக்கலாம்! கைத்தொலைபேசியிலே பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசும் வகையைக் கற்பிக்க, பாடசாலை மாணவர் ஒருவரை அழைக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு பேச்சு, நாற்பது நிமிடம், பின்னர் கேள்வி, அதன்பின் தேநீர். இதற்கு மேல் ஒழுங்கு வேண்டியதில்லை.

பூரணைதோறும் ஒரு பயணம்

பூரணை நாள் இந்நாட்டில் விடுமுறை. பிள்ளைகளும் வீட்டில் இருப்பர். ஆகவே மாதம் ஒரு பயணத்திற்கு அதுவே ஏற்றது. ஒரு மாதம் புளியந்தீவுக் கோட்டை. 1628-இல் போர்த்துக்கேயர் கட்டியதும், 1638-இல் ஒல்லாந்தர் கைப்பற்றியதுமான அக்கோட்டையைப் பற்றி வரலாற்று ஆசிரியர் ஒருவர் அங்கேயே நின்று பேசட்டும். இன்னொரு மாதம் குருமண்வெளித் துறையில் படகுப்பாதையில் ஏறி வாவியைக் கடந்து மண்டூர் முருகனைக் காணலாம். மற்றொரு மாதம் படுவான்கரையிலே கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம். அதற்கடுத்து, காரைதீவில் அடிகள் பிறந்த இடமும் கல்லடி உப்போடையில் அவர் துயிலும் சமாதியும்.

காத்தான்குடிப் பூர்வீக நூதனசாலையையும் மறத்தலாகாது. தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பகிர்ந்து வாழ்ந்த பிரதேசம் இது. 1990-ஆம் ஆண்டில் இரு சாராருக்கும் ஆழ்ந்த காயங்கள் நேர்ந்தன. அதற்கு முன்பு ஒரே வயலில் விதைத்து, ஒரே சந்தையில் விற்றதை நேரில் கண்ட தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது. அவ்விரு முதியோரும் ஒரு மேசையில் அமர்ந்து பேசுவது, இளையோர்க்கு நூறு உபதேசங்களிலும் மேலானது.

சித்திரை முதல் புரட்டாதி வரையுள்ள ஒரு நிலவிரவைக் கல்லடி வாவிக்கென வைத்துக்கொள்ளுங்கள். தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து, மறு முனையைக் காதில் பொருத்திக் கேட்கலாம். மாரியில் பயணத்தை நிறுத்தி வகுப்போடு நின்றுவிடுவது நலம். எங்கே சென்றாலும் குடிநீர், மலசலகூட வசதி, அமர்ந்திருக்க இடம், வேளைக்குரிய மருந்து ஆகிய நான்கையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள ஒருவரை நியமித்துவிடுங்கள்.

தயக்கங்கள்

'வயது போன காலத்தில் என்ன படிப்பு?' என்று சுற்றத்தார் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும், முதற் பயணத்துப் படங்களைக் கண்டபின் அவர்களே இடம் கேட்பர். 'பேரப்பிள்ளைகளை யார் பார்ப்பது?' என்பது அதனினும் கடினமான கேள்வி. இதைப் பெண்களிடமே கேட்கிறோம். இளைப்பாறிய ஆசிரியைக்கு மறுநாளே அடுக்களையும் தொட்டிலும் முழுநேர உத்தியோகமாகிவிடுகின்றன. வாரத்தில் ஒரு பிற்பகல் அவருக்கு விடுமுறை அளிப்பது பிள்ளைகளின் கடன்.

ஓய்வூதியம் பெறுவோர்க்கு மட்டும் உரியது இச்சபை என்று எண்ணுவது பெரும் பிழை. ஓய்வூதியம் இல்லாத மீனவரும், கூலித்தொழிலாளியும், எழுத்தறியாத மூதாட்டியும் அங்கே இல்லையாயின் பாதிக் கல்வி வாயிலுக்கு வெளியே நிற்கும். தெனன்றுக்குக் கிடைத்த ஆசிரியர்கள் அத்தகையோரே.

காலம் காத்திராது

1978-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் இந்நாட்டைச் சூறையாடிய புயலின்போது இருபது வயதினராயிருந்தோர், இன்று அறுபத்தைந்தைக் கடந்தவர். அதன்பின் போரையும், 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்டவர்கள் அவர்கள். பல வீடுகளில் ஏடும் கடிதமும் படமும் நீரோடும் நெருப்போடும் போயின. எஞ்சியிருப்பது அவர்கள் நினைவு ஒன்றே. எஃப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962-இல் 'மட்டக்களப்பு மான்மியம்' பதிப்பித்ததும், பண்டிதர் வீ. சீ. கந்தையா அவர்கள் 1964-இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதியதும், உரிய காலத்தில் தேடித் தொகுத்தமையாலன்றோ? இன்னும் எழுதப்படாதவை ஏராளம். கேட்பார் இல்லாத நினைவு, அதை உடையவரோடு மண்ணிற் போய்விடும்.

மாணவர்களே, இன்று மாலை உங்கள் அப்பப்பாவிடமோ அம்மம்மாவிடமோ புயலடித்த இரவைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். சொல்வதைக் கைத்தொலைபேசியிற் பதிவு செய்யுங்கள். பெரியவர்களே, நீங்கள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, உங்களைப் போன்ற இன்னும் ஒன்பது பேரைச் சேருங்கள்.

வாவியின் மேற்குப் புறத்தை, ஞாயிறு படும் திசையாதலின், படுவான்கரை என்கிறோம். அக்கரையில்தான் வயல்கள் பரந்து விளைகின்றன. ஊருக்கு நெல் அங்கிருந்தே வருகிறது. வாழ்வின் படுவான்கரைக்கு வந்தோர்க்கும் விளைச்சல் உண்டு. வரும் பூரணைக்குள் முதற் கூட்டத்தைக் கூட்டிவிடுங்கள்.