மின்னூலகப் பாடத்தை யார் எழுதுவது?

பழைய நூல் ஒன்றை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால் மட்டும் மின்னூலகம் உருவாகிவிடாது. அதற்கு என்ன விவரக்குறிப்பு எழுதுவது, எந்தக் கோப்பு வடிவில் வைத்தால் இருபது ஆண்டு கழித்தும் திறக்கும், வாசகர் எந்தச் சொல்லைத் தட்டினால் அது அகப்பட வேண்டும் என்பதையெல்லாம் யாராவது முறையாகப் படித்திருக்க வேண்டும். இதில் பாதியை நூலகவியல் துறை கற்பிக்கிறது, மீதியைக் கணினித் துறை. இரண்டுக்கும் போதுமான ஆசிரியர்கள் ஒரே பல்கலைக்கழகத்தில் அமைவது அரிது என்பதால்தான் பல்கலைக்கழகங்கள் கைகோத்தன. 2006-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் கணினித் துறையும் வட கரோலினாப் பல்கலைக்கழக நூலகவியல் பள்ளியும், அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில், பாட அலகுகளைக் கூட்டாக எழுதத் தொடங்கின. 2007-இல் ஐரோப்பா இன்னும் ஒரு படி மேலே போனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்ட உதவியுடன் ஆஸ்லோ, தாலின், பார்மா என நார்வே, எஸ்தோனியா, இத்தாலி நாடுகளின் மூன்று நகரங்களிலும் மாறி மாறிப் படிக்கும் முதுகலைப் படிப்பு ஒன்று பிறந்தது.

ஒரு நல்ல பாடத்திட்டத்தை ஓரிடத்தில் எழுதி உலகுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். தரநிலைகள் எங்கும் ஒன்றுதானே? நூலின் விவரங்களைக் குறிக்கும் ‘டப்ளின் கோர்’ முறையின் பதினைந்து கூறுகள் சென்னைக்கு ஒன்று, சிகாகோவுக்கு ஒன்று என்று மாறுவதில்லை. நியாயமான கேள்விதான். பாதி தூரம் வரை சரியும்கூட.

எங்கே அது சறுக்குகிறது என்பதைத் தமிழ் எழுத்தை வைத்தே பார்க்கலாம். ‘கொடி’ என்ற சொல்லில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகச் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இரண்டும் சமம் என்று யூனிகோடே வரையறுத்திருப்பதால், பொதுப் பாடத்தை ஒழுங்காகப் படித்த எஸ்தோனிய மாணவர்கூட இதைச் சரிசெய்துவிடுவார். ஆனால் ‘ஔவை’ அப்படியல்ல. ஔ என்ற ஓர் எழுத்துக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டு எழுத்துகளைத் தட்டுவோர் ஏராளம். அது பிழை, யூனிகோடு அதைச் சமமாக ஏற்காது. விளைவு, ஒரு விதமாகத் தேடுபவருக்கு இன்னொரு விதமாகப் பதிவான நூல் அகப்படாமல் போகலாம். இதைப் பாடத்தில் சேர்க்கத் தமிழ் படித்தவர் ஒருவர் பாடக்குழுவில் இருந்தாக வேண்டும். அரபு மொழிக்கும் கெமர் மொழிக்கும் இப்படித் தனித்தனிச் சிக்கல்கள் உண்டு. ஆகவே கூட்டு முயற்சி என்பது ஒருவர் எழுதியதை மற்றவர் மொழிபெயர்ப்பதோடு நிற்கக்கூடாது; ஒவ்வொரு நாடும் தன் சிக்கலைப் பாடப்பொருளாகக் கொண்டுவர வேண்டும்.

இதற்கு நெருங்கி வந்தது நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘கிரீன்ஸ்டோன்’ மென்பொருள். 2000 முதல் யுனெஸ்கோவும் பெல்ஜியத்தின் ஹியூமன் இன்ஃபோ அமைப்பும் அதற்குத் துணைநின்றன. இணைய வசதி இல்லாத ஊரில்கூட சி.டி.யில் இருந்து இயங்கும் நூலகத்தை அதில் உருவாக்கலாம். இடைமுகத்தைப் பல மொழிகளுக்கு மாற்றியவர்கள் அந்தந்த மொழியினரே. தெற்காசியாவுக்கான உதவி மையம் கோழிக்கோடு இந்திய மேலாண்மைக் கழகத்தில் அமைந்தது. இங்கே பயனாளரே கருவியைத் தம் மொழிக்கு ஏற்ப மாற்றினார்.

இன்று டிஸ்பேஸ் போன்ற வேறு மின்னூலக மென்பொருள்கள் பரவலாகிவிட்ட நிலையில் கிரீன்ஸ்டோனில் பெற்ற பயிற்சி வீண்தானே என்பார்கள். பொத்தான்களை மட்டும் கற்றிருந்தால் வீண்தான். விவரக்குறிப்பு எழுதவும் தொகுப்பைத் திட்டமிடவும் கற்றவருக்கு மென்பொருள் மாறுவது சில வார வேலை.

எனக்கு வலுவாகத் தோன்றும் மறுப்பு பணம் பற்றியது. நிதி வாஷிங்டனிலிருந்தோ பிரசல்ஸிலிருந்தோ வரும்போது, எது பாடம் என்பதும் அங்கேதான் முடிவாகும். உதவித்தொகையில் போன மாணவர் ஊர் திரும்புவார் என்பதற்கும் உறுதியில்லை. திட்டக் காலம் முடிந்தால் பாடத்தைப் புதுப்பிக்க ஆளிருக்காது. இதைப் பேச்சால் மறுக்க முடியாது, செயலால் குறைக்கலாம். மாணவரை அனுப்பும் செலவில் ஒரு பங்கை உள்ளூர் ஆசிரியருக்குத் திருப்பலாம். தாலின் வகுப்பு உருவாக்கிய தொகுப்பை மதுரை வகுப்பும், மதுரையின் தொகுப்பைத் தாலினும் தேடிப் பார்த்துப் பிழை சொல்வதைத் தேர்வாகவே வைக்கலாம். அதற்கு விமானச் சீட்டு தேவையில்லை. ஆனால் மதிப்பெண் வழங்கும் அதிகாரத்தை இரு தரப்பும் பகிர்ந்துகொள்ளச் சம்மதிக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் தயங்குவது அங்கேதான்.