கஸினோ மலையும் நாஞ்சில் நாட்டார் கடமையும்

அரசு செய்த பிழை வேறு. அவ்வரசின் கொடியின்கீழ் நின்று உயிர்நீத்த சிப்பாயின் வீரம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்கியதனாலேயே, இரண்டாவது மகாயுத்தத்தில் ஐரோப்பிய மண்ணில் மாண்ட இந்தியரை நம் தேசம் நெடுங்காலம் மறந்திருந்தது. அமெரிக்க ஜனங்கள் தங்கள் டிவிஷன்களின் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்கின்றனர். நாமோ நமது நான்காவது டிவிஷனின் பெயரையும் அறியோம்.

1939 செப்டம்பர் 3-ஆம் தேதி, ஜனத்தலைவர் ஒருவரையும் கலந்துகொள்ளாமல், இந்தியாவும் யுத்தத்தில் இறங்கிவிட்டதாக வைஸ்ராய் லின்லித்கோ பிரபு அறிவித்தார். காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜிநாமாச் செய்தன. 1942 ஆகஸ்டில் காந்தியடிகளும் ஏனைய தலைவர்களும் சிறைப்பட்டனர். இவை மறக்கத்தக்க அநீதிகளல்ல. ஆயினும், 1945-க்குள் ஏறத்தாழ 25 லட்சம் இந்தியர் கட்டாயமின்றிப் படையிற் சேர்ந்திருந்தனர். வறுமையால் சென்றாரும் உளர்; குலவழக்கால் சென்றாரும் உளர்; பாசிஸக் கொடுமை ஒழியவேண்டுமென்று சென்றாரும் உளர். அவர்களைக் கூலிப்படை என்று ஒரு சொல்லால் ஒதுக்குவது நியாயமாகாது.

இத்தாலியில் 4, 8, 10 என்னும் மூன்று இந்திய டிவிஷன்கள் போர்புரிந்தன. செங்கழுகைச் சின்னமாகக் கொண்ட நான்காவது டிவிஷன், ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பெயர் பெற்றபின், 1944 பிப்ரவரியில் மாண்டி கஸினோ மலையை எதிர்த்து ஏறிற்று. உச்சியிலிருந்த பழம்பெரும் மடாலயத்தை நேசநாட்டு விமானங்கள் அம்மாதம் 15-ஆம் தேதி தகர்த்தன. அவ்விடிபாடுகளே ஜெர்மானியருக்கு அரணாயின. மழையிலும் குளிரிலும் பாறைச் சரிவுகளில் நம்மவர் செந்நீர் சிந்தினர். இத்தாலியப் போரில் மாண்ட இந்தியர் 5,000-க்கு மேற்பட்டோர்.

இங்கே தென்னாட்டார் கருதவேண்டியது ஒன்றுண்டு. தென்னிந்தியர் வீரமரபினர் அல்லர் என்பது வெள்ளைக்கார அதிகாரிகள் கட்டிய கொள்கை. அதனால் முதல் மகாயுத்தத்துக்குப்பின் சென்னைக் காலாட்படைப் பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. ஆள் தேவைப்பட்டபோதே மீண்டும் திரட்டப்பட்டன. இடையில் அழியாது நின்றது, 1780-இல் தோன்றிய சென்னைச் சாப்பர் படை. பாலம் அமைத்தலும், பாதை வெட்டுதலும், புதைத்த கண்ணிவெடிகளை அகற்றுதலும் அவர்கள் தொழில். 'தம்பி' என்பது அவர்களுக்குப் படையில் வழங்கும் செல்லப்பெயர்.

அத்தம்பிகளுள் ஒருவர் சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரத்தை அடுத்த கீழ் ஒட்டிவாக்கம் கிராமத்தவர். 1944 பிப்ரவரி 24-ஆம் தேதி, இத்தாலியில் மிக்னானோ அருகே, அவரும் துணைவரும் கண்ணிவெடிகளைத் தேடிக்கொண்டிருக்கையில் வெடியொன்று கிளம்பிற்று. எஞ்சியிருந்தது கணநேரமே. விலகி ஓடித் தப்ப முயலாமல், அவ்வெடியின்மீதே பாய்ந்து தம் உடலால் மூடினார். துணைவர் பிழைத்தனர், அவர் மாண்டார். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அளிக்கப்பட்டது. அக்கணத்தில் அவர் காத்தது சாம்ராஜ்யத்தை அன்று. பக்கத்தில் நின்ற மனிதரை.

இச்செய்தி நாஞ்சில் நாட்டாருக்குத் தூரத்துச் செய்தியன்று. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்ற புகழை வெற்றித்தூண் அமைத்துப் போற்றுவோர் நாம். அப்போருக்குப்பின் திருவிதாங்கூர்ச் சேவையிற் புகுந்த ஐரோப்பியனான டிலனாய், புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறான்; அவன் கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. வேற்று நாட்டு வீரனுக்குத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. வேற்று நாட்டில் மாண்ட தமிழ் வீரனுக்கு நம் நெஞ்சில் இடமில்லையெனில், அது தகுமா?

ஆதலின் நாம் வேண்டுவது இது: குளச்சல் போரை நினைவுகூரும் நாளில் கஸினோவின் பெயரும் ஒலிக்கட்டும். ஊர்தோறும் பழைய சிப்பாய்களின் வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் பதக்கங்களையும் விடுவிப்புச் சான்றிதழ்களையும் பள்ளி ஆசிரியரும் மாணவரும் கேட்டறிந்து குறித்துவைக்கட்டும். செல்லரித்துப்போன தாளை மீட்க எவராலும் இயலாது. சாம்ராஜ்யத்தின் ஜயத்தைக் கொண்டாடும் கடமை நமக்கில்லை. நம் பிள்ளைகளின் பெயரை மறக்கும் உரிமையும் நமக்கில்லை.