பிணைக்கு ஒரு பிணை

சீறாப்புராணத்தில் வரும் ‘மானுக்குப் பிணை நின்ற படல’த்தை மேல்வகுப்பு மாணவர்க்குப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். களுதாவளையில் வெற்றிலைத் தோட்டஞ் செய்யும் ஒருவரின் மகன் அவன், மிகுதியாகப் பேசாதவன்.

“ஐயா, புலவர் மானைப் பேசவைத்தார், அதன் துயரம் நமக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டு நாயின் குட்டிகள் ஐந்தையும் போன கிழமை ஒவ்வொருவராக வந்து கொண்டுபோய்விட்டார்கள். அது பேசவில்லை, படலையடியிற் படுத்துக் கிடக்கிறது. அதற்குத் துயரம் உண்டா? அல்லது உண்டென்று நாங்கள்தாம் நினைத்துக்கொள்கிறோமா?”

வகுப்பிற் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. எஞ்சியதை இங்கே எழுதுகின்றேன்.

படலத்தின் கதை அன்பர் பலர் அறிந்ததே. வேடன் ஒருவன் விரித்த வலையிற் பெண்மான் ஒன்று அகப்படுகின்றது. அவ்வழியே எழுந்தருளிய நபிகள் நாயகத்திடம் அது முறையிடுகின்றது. தன் உயிருக்காக அது இரக்கவில்லை. பசித்துக் கிடக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டி மீள்வதற்கு விடை வேண்டுகின்றது. வேடன் நம்பவில்லை. நாயகமே பிணையாக நிற்கின்றார். சென்ற மான் சொன்ன சொல் தவறாது திரும்பி வருகின்றது. தாயைப் பிரிய மாட்டாத கன்றும் உடன் வருகின்றது. கண்ட வேடனின் உள்ளம் உருகுகின்றது. 17ஆம் நூற்றாண்டினரான உமறுப் புலவர் பாடிய இப்பகுதியை, தமிழரும் முஸ்லிம்களும் அயலயலாக வாழும் இம்மட்டக்களப்பு நாட்டில் இரு திறத்தாரும் கற்பது பொருத்தமே.

‘பிணை’ என்னுஞ் சொல்லுக்குப் பெண்மான் என்பது ஒரு பொருள். ஒருவர்க்காக மற்றொருவர் ஏற்கும் பொறுப்பு என்பது மற்றொரு பொருள். பிணைக்குப் பிணை நின்றார் என்று சொல்லிச் சுவைப்பது வகுப்பறை வழக்கம். மாணவனின் வினாவுக்குப் பின்னர், இது வெறுஞ் சொற்சுவை அன்று என்பது எனக்குப் புலனாயிற்று.

விலங்கின் தாய்மையைத் தமிழ் ஊன்றிக் கவனித்திருக்கின்றது. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களாக ஒன்பது சொற்களை வகுத்து, இன்ன பெயர் இன்ன உயிர்க்கு உரியது என்றும் வரையறுக்கின்றது. நாம் நாய்க்குட்டி என்கின்றோம். தொல்காப்பியரோ நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் குருளை என்னும் பெயரை உரித்தாக்குகின்றார். ஈன்று சின்னாளே சென்ற நிலையைக் குறிப்பதற்குப் ‘புனிறு’ என்று ஒரு தனிச்சொல்லே உண்டு. கன்று, ஆ என்னும் இரு சொற்கள் புணரும்போது கன்றா என நில்லாது கற்றா என்றாகின்றது. கன்றையுடைய பசு என்பது அதன் பொருள். கன்றில்லாத பசுவுக்கு அப்பெயர் இல்லை. பெயரிலேயே தாயும் சேயும் பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டன.

புலவர்களும் இவ்வழியே சென்றனர். திருவாரூரிற் கன்றை இழந்த பசுவை வழக்காளியாக ஏற்றுக்கொண்டது மனுநீதிச் சோழனின் அவை. பெற்றவள் விட்டுச்சென்ற குழந்தையாகிய ஆபுத்திரனுக்கு ஏழு நாள் பாலூட்டியது ஒரு பசு என்கிறது மணிமேகலை. தாயை இழந்த 12 பன்றிக்குட்டிகளுக்கு இறைவனே தாய்ப்பன்றியாகி முலை கொடுத்தான் என்று திருவிளையாடற் புராணம் பாடுகின்றது.

எனினும், “இவையெல்லாம் புலவர் கற்பனை அல்லவா?” என்று மாணவன் மேலும் கேட்கக்கூடும். ஆதலின் நூலை மூடிவைத்து, தொழுவத்தையும் முற்றத்தையும் நோக்குவோம்.

கன்று இறந்துபட்டால் அதன் தோலுள் வைக்கோலை அடைத்துத் தாய்ப்பசுவின் முன்னே நிறுத்திப் பால் கறப்பது பழைய வழக்கம். கன்றின் மணமும் தோற்றமும் தாயின் உடலில் ஒரு சுரப்பை எழுப்புகின்றன. ஒட்சிரோசின் எனப்படும் அச்சுரப்பே மடியிற் பாலை இறக்குகின்றது. பால் என்பது மடியில் மட்டும் இல்லை, நினைவிலும் இருக்கின்றது என்பதை நம் முன்னோர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். ஆனால், அவ்வறிவைக்கொண்டு அவர்கள் செய்தது தாயை ஏமாற்றுதல் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கன்றைப் பிரிக்குங் காலத்தைப்பற்றிக் கனடா நாட்டிற் செய்த ஆய்வுகள் ஓர் உண்மையைக் காட்டின. பிறந்த மறுநாளே கன்றைப் பிரிந்த பசுவைவிட, இரண்டு கிழமை உடனிருந்தபின் பிரிந்த பசுவே மிகுதியாகக் கதறித் தேடுகின்றது. பழகிய நாளின் அளவே பிரிவின் அளவு. அந்நாட்டிலேயே 2005இல் வெளியான மற்றோர் ஆய்வு, கன்றைத் தாயின் அருகிலேயே விட்டு, பால் குடிக்க இயலாதவாறு மூக்கில் ஒரு தடுப்பை மாட்டிச் சில நாள் கழித்துப் பிரித்தால், இரண்டின் கதறலும் பெரிதுங் குறைகின்றது எனக் கண்டது. கன்றின் மூக்கில் முள் கட்டிப் பால் மறக்கச்செய்யும் நாட்டுப்புறத்தார்க்கு இது புதிதன்று. பாலைப் பிரிவது வேறு. தாயைப் பிரிவது வேறு. இரண்டையும் ஒரே நாளில் நிகழ்த்துவதே கொடுமை.

இனி நாயிடம் வருவோம். பிறந்த குருளைக்கு ஏறத்தாழ இரண்டு கிழமையிற் கண் திறக்கின்றது. அதன்பின் ஒரு கிழமை அளவிற் பல் முளைக்கத் தொடங்குகின்றது. அந்தப் பல் மடியைக் கடிக்கும்போது தாய் எழுந்து விலகுகின்றது. சில வேளை உறுமவுஞ் செய்கின்றது. அன்பின்மையால் அது அவ்வாறு செய்யவில்லை. இயற்கை அமைத்த பால் மறத்தல் அது. எட்டுக் கிழமை நிறையும்போது குட்டிகள் பெரும்பாலும் பாலை விட்டிருக்கும். உடன்பிறந்தவற்றோடு விளையாடி, எவ்வளவு கடித்தால் நோகும் என்பதையும் கற்றிருக்கும். மூன்றாங் கிழமை முதல் 12ஆங் கிழமை வரையுள்ள காலமே நாயின் பழக்கவழக்கங்கள் உருவாகுங் காலம் என்பதை அமெரிக்க அறிஞர்களாகிய ஸ்கொட், புல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட நூலில் விளக்கினர்.

எட்டாங் கிழமைக்குப்பின் ஒவ்வொன்றாகக் குட்டிகள் வேறு வீடு செல்லுமாயின், தாய் சில நாள் தேடும், மோப்பம் பிடிக்கும், பின்பு அமைதியுறும். மூன்றாங் கிழமையிலேயே அத்தனையையும் ஒரே நாளில் அள்ளிச்சென்றாலோ, தாயின் மடி பாற்கட்டி வீங்கும்; காய்ச்சலும் வரலாம். தேடுதல், கூவுதல், உணவைத் தொடாமை ஆகியன எவருங் கண்ணாற் காணத்தக்கவை. அவற்றுக்குத் துயரம் என்று பெயரிடுவதா என்பதுபற்றி அறிஞர் வாதிடட்டும். பெயர் எதுவாயினும் நிகழ்வது மாறாது.

பூனையின் முறை வேறு. குட்டியை வாயிற் கவ்வி அது ஏழு வீடு மாற்றும் என்பர். முழுப்பொறுப்பும் தாயினுடையதே என்பதைக் காட்டுவதற்கு வைணவ ஆசிரியர்கள் மார்ச்சார நியாயம் எனப் பூனையையே எடுத்துக்காட்டினர். குட்டிகள் வளர்ந்தபின் அது முதலிற் கொன்ற எலியையும், பின்பு உயிருள்ள எலியையுங் கொண்டுவந்து முன்னே இடும். தான் இல்லாத நாளில் வாழ்வதற்கு வேண்டியதை அது கற்பிக்கின்றது. பிரிவு வரும் என்பதைத் தாய் அறியுமோ, அறியாதோ. அதன் செயல் பிரிவுக்கு ஆயத்தஞ் செய்கின்றது.

பிரிந்தபின் மறந்துவிடுமா? பெல்பாஸ்ட் நகரத்து ஆய்வாளர் பீற்றர் ஹெப்பர் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகின்றது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிரிந்திருந்த தாய் நாய்களின் முன்னே, அவற்றின் பிள்ளைகள் படுத்த துணியையும் வேறு நாய்கள் படுத்த துணியையும் வைத்தார். தாய்கள் தம் பிள்ளைகளின் மணத்தை இனங்கண்டன. பிள்ளைகளும் தாயின் மணத்தை அறிந்தன. உடன்பிறந்தவையோ, வேறொரு உடன்பிறப்போடு சேர்ந்து வாழ்ந்தாலன்றி ஒன்றையொன்று மறந்துவிட்டன. தாய் தேடுவதை நிறுத்துகின்றது, மறப்பதில்லை.

இதைப் படித்த நாளில் எனக்குப் பழைய ஒன்று நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வளவில் ஒரு நாய் நான்கு குட்டிகள் ஈன்றது. மூன்று கடுவன், அவற்றை அயலார் விரும்பிக் கேட்டு எடுத்தனர். எஞ்சிய பெட்டையை எவருங் கேட்கவில்லை. வழியிற் போன ஒருவர் “எனக்குத் தாருங்கள்” என்றபோது, தொல்லை விட்டது என்று மகிழ்ந்து கொடுத்தேன். அவர் பெயரையும் கேட்கவில்லை, ஊரையும் கேட்கவில்லை. தாய் நெடுநாள் அந்த வழியையே பார்த்திருந்தது. முதலில் மூன்றும் போனபோது அது இவ்வாறு இருக்கவில்லை. அக்குட்டிகள் அயல் வளவுகளிற் குரைப்பது அதன் காதில் விழுந்துகொண்டிருந்தது போலும். நான்காவது எங்கே போனது என்று அது கேட்டிருந்தாலும் விடை சொல்ல என்னால் இயன்றிராது. பாடத்தில் நான் ‘பிணை’க்கு ஆயிரம் முறை பொருள் சொன்னவன், வாழ்க்கையில் ஒரு முறை அதைத் தவறவிட்டேன்.

பெட்டைக் குட்டிகளைக் கண் திறக்குமுன்னரே சாக்கிற் கட்டிச் சந்தையடியிலும் வாவிக்கரையிலும் விட்டுவரும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அவ்வாறு செய்வோர் கொடியவர் அல்லர், வழியறியாதவர். தெருநாய்களைக் கொல்லாமைக் கொள்கையை இலங்கை அரசு 2006இல் மேற்கொண்டபின், கருத்தடையும் விசர்நோய்த் தடுப்பூசியுமே நேரிய வழிகளாயின. காக்க இயலாத குட்டிகளைப் பிறப்பித்துக் கைவிடுவதினும், மிருக வைத்தியரை நாடிப் பிறவாமற் செய்வது அறம். பிறந்துவிட்டாலோ, எட்டுக் கிழமை பொறுத்து, ஒவ்வொன்றாக, பெயரும் ஊரும் தெரிந்தவர் கையிற் கொடுத்து, இடையிடையே சென்று பார்த்து வருதல் வேண்டும்.

மறுகிழமை அம்மாணவனை அழைத்து இவற்றைக் கூறினேன். அவன் சற்றுநேரம் பேசாதிருந்து, “ஐவரில் நால்வரை எனக்குத் தெரியும், ஐயா. மற்றவர் யார் என்று அம்மாவிடங் கேட்கிறேன்” என்றான். இரண்டு நாள் கழித்து வந்து, “செட்டிபாளையத்தில் ஒரு வீடு, போய்ப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது” என்றான். குட்டி கிடந்த பழஞ்சாக்கில் ஒரு துண்டையும் கேட்டு வாங்கி வந்து, தாயின் அருகிற் போட்டானாம். அது நெடுநேரம் முகர்ந்துவிட்டு, அதன்மேலே தலையை வைத்துப் படுத்துக்கொண்டதாம்.

மான் பேசிற்று; அதற்குப் பிணை நிற்க ஒருவர் இருந்தார். பேசாத உயிர்க்கும் பிணை வேண்டும். குட்டியைத் தூக்கிக்கொண்டு படலையைத் திறக்கும் கை எவருடையதோ, அவரே அந்தப் பிணை.