கவுன்சில் கையை விரித்தாலும் உங்கள் உரிமை போகாது

தெற்கு லண்டனில் தமிழர்கள் கணிசமாக வாழும் கிராய்டனின் கதை கொஞ்சம் விசித்திரமானது. அந்தக் கவுன்சிலின் குழந்தைகள் நலப் பிரிவை 2017-இல் ஆய்வு செய்த ஆஃப்ஸ்டெட் என்ற கண்காணிப்பு அமைப்பு, நான்கு தரங்களில் கடைசியான 'போதாது' என்ற முத்திரையைக் குத்தியது. அரசு தலையிட்டது. 2020 தொடக்கத்தில் நடந்த மறு ஆய்வில் அதே பிரிவு 'நன்று' என்று தேறியது. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள், நவம்பரில் கவுன்சிலே பணமில்லாமல், வரவை மீறிச் செலவு போகிறது என்று ஒப்புக்கொள்ளும் 114-ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டது. தன் சொந்த வீடு கட்டும் நிறுவனத்துக்கு அது சுமார் 20 கோடி பவுண்ட் கடன் கொடுத்திருந்தது.

இங்கிலாந்தில் தடுமாறும் கவுன்சிலுக்கு 'அரசு உதவி' என்றால் பணம் கொட்டப்போகிறது என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் வருவது ஆட்கள்தான்: ஆணையர், ஆலோசகர்கள், நன்றாக நடக்கும் வேறொரு கவுன்சிலின் அதிகாரிகள். நிலைமை முற்றினால் பொறுப்பே கைமாறும். டான்காஸ்டரில் 2014-இலும் பர்மிங்காமில் 2018-இலும் குழந்தைகள் நலப் பணி தனி அறக்கட்டளைகளிடம் போனது. பண உதவி என்று பேசப்படுவதும் பல நேரம் அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கவோ, சொத்தை விற்கவோ தரும் அனுமதிதான். கடைசியில் சுமை குடியிருப்பவர் தலையில் விழும். 2023-இல் கிராய்டன் தன் கவுன்சில் வரியை ஏறக்குறைய 15 சதவீதம் உயர்த்தியது.

114-ஆம் பிரிவு அறிவிப்பு வந்தால் புதிய செலவுகள் நிற்கும். ஆனால் சட்டம் கட்டாயமாக்கிய பணிகள் நிற்கக் கூடாது. 'பட்ஜெட் இல்லை' என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னவுடன் பேசாமல் இருந்துவிடுகிறவர்களுக்குத்தான் நஷ்டம். 2014 பராமரிப்புச் சட்டப்படி, பராமரிப்புத் தேவை இருக்கலாம் என்று தோன்றும் எந்தப் பெரியவருக்கும் கவுன்சில் தேவை மதிப்பீடு செய்தாக வேண்டும். அவரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது அந்தக் கட்டத்தில் பொருட்டே அல்ல. தகுதியுள்ள தேவை என்று முடிவான பிறகு, அதை எந்த வழியில் செலவு குறைத்து நிறைவேற்றலாம் என்று கவுன்சில் யோசிக்கலாம்; நிறைவேற்றாமல் விட முடியாது. அவசரமென்றால் மதிப்பீட்டுக்கு முன்பே உதவி தரவும் அதற்கு அதிகாரம் உண்டு.

நம் வீடுகளில் காரியம் கெடுவது அந்த மதிப்பீட்டு நாளில்தான். வந்திருக்கும் சோஷல் வொர்க்கர், "தனியாகக் குளிப்பீர்களா?" என்று கேட்பார். அந்நியர் முன் குறை சொல்லக் கூச்சப்பட்டு, "அதெல்லாம் சமாளிச்சுக்குவேன்" என்பார் அம்மா. "நான் பார்த்துக்கிறேனே" என்று மகளோ மருமகளோ சேர்ந்துகொள்வார். கோப்பில் 'தேவை இல்லை' என்று ஏறிவிடும். சட்டம் பார்ப்பது வேறு. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, சாப்பாடு போன்ற பத்து விஷயங்களில் இரண்டையாவது உடல் அல்லது மனநலக் குறைவால் செய்ய முடியாமல், அதனால் நல்வாழ்வு பெரிதும் பாதிக்கப்பட்டால் தகுதி உண்டு. வலியோடு செய்வதும், மிக நீண்ட நேரம் எடுப்பதும், பிறர் துணையோடு மட்டும் செய்வதும் 'முடியாது' என்றே கணக்கு. மருமகள் செய்யும் உதவியை வைத்துத் தேவையே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. அவருக்கும் பராமரிப்பாளர் என்ற முறையில் தனி மதிப்பீடு கேட்க உரிமை இருக்கிறது; இதை நம்மவர்கள் கேட்பதே இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பேரப்பிள்ளையை வைத்துப் பாட்டியின் கழிப்பறைச் சிக்கலைப் பேசவைப்பது இருவருக்கும் கொடுமை.

பணம் கட்டுவது தனிக் கணக்கு. 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் பொதுவாக முழுச் செலவும் உங்களுடையது. வீட்டிலேயே பராமரிப்புப் பெறுவோருக்கு, குடியிருக்கும் வீட்டின் மதிப்பு அதில் சேராது. கேர் ஹோமுக்கு நிரந்தரமாகப் போனால் சேரலாம். கணவனோ மனைவியோ அந்த வீட்டில் தொடர்ந்து வசித்தால் அப்போதும் சேராது. வீடு கணக்கில் சேர்ந்துவிடுமே என்று பயந்து அதைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றுவோர் உண்டு. 'ஏழு வருஷம் போனால் யாரும் கேட்க மாட்டார்கள்' என்பது வாரிசு வரி விதியைக் கேட்டு வந்த குழப்பம். கட்டணத்தைத் தவிர்க்கவே கொடுத்தது என்று கவுன்சில் கருதினால், எத்தனை வருடம் கழிந்தாலும் அந்த வீடு உங்களிடமே இருப்பதாகக் கணக்கிடலாம்.

குழந்தை விஷயத்தில் பயம் இன்னும் பெரிது. நீதிமன்ற உத்தரவோ, அதிகபட்சம் 72 மணி நேரத்துக்கான காவல்துறைப் பாதுகாப்போ இல்லாமல், பெற்றோர் சம்மதமின்றிக் கவுன்சில் குழந்தையை எடுத்துச் செல்ல முடியாது. பிள்ளையைக் கவுன்சில் பொறுப்பில் விட, குழந்தைகள் சட்டத்தின் 20-ஆம் பிரிவின் கீழ் சம்மதக் கையெழுத்துக் கேட்டால், வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் போடுங்கள். பராமரிப்பு வழக்கென்று நீதிமன்றம் போனால், பெற்றோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

மறுப்பு எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். முதல் புகார் கவுன்சிலுக்கு. அங்கே தீரவில்லையென்றால் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணமில்லை, சிக்கல் தெரிந்த 12 மாதங்களுக்குள் போக வேண்டும். சட்டப்படி செய்ய வேண்டியதையே செய்யவில்லை என்றால் நீதிமன்ற மறு ஆய்வு இருக்கிறது. அதற்குக் கெடு அதிகபட்சம் மூன்று மாதம்தான் என்பதால், ஓம்புட்ஸ்மனின் பதிலுக்குக் காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள்.

புகார் எழுதும் முன் உங்கள் கவுன்சில் பற்றிய ஆய்வறிக்கையைப் படியுங்கள். குழந்தைகள் நலத்துக்கு ஆஃப்ஸ்டெட்டும், பெரியவர் பராமரிப்புக்கு 2023 முதல் கேர் குவாலிட்டி கமிஷனும் வெளியிடுபவை அவை, யாரும் பார்க்கலாம். மதிப்பீட்டுக்கு மாதக்கணக்கில் காக்கவைக்கிறார்கள் என்று அதிலேயே எழுதியிருந்தால், அந்தப் பத்தியை அப்படியே உங்கள் கடிதத்தில் சேர்த்து அனுப்புங்கள்.