மரத்தரைக்கு வேண்டாம் வாளித் தண்ணீர்

கடலூர் மாவட்டத்திலுள்ள விருத்தாசலத்தைப் பீங்கான் நகரம் என்று அழைப்பதுண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது கிடைக்கும் களிமண், அங்குள்ள சூளைகளில் மின்காப்புப் பொருள்களாகவும் பொம்மைகளாகவும் அகல்விளக்குகளாகவும் மாறுகிறது. சுடாத களிமண் தண்ணீரில் கரைந்துவிடும். சூளையில் வெந்த பிறகு எத்தனை முறை நனைந்தாலும் கரையாது. களிமண்ணின் இயல்பையே நெருப்பு நிரந்தரமாக மாற்றிவிடுகிறது.

நம் வீட்டுத் தரைகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவைதாம். இன்று பரவலாகப் பதிக்கப்படும் விட்ரிஃபைடு ஓடுகள், தம் எடையில் அதிகபட்சம் 0.5 சதவீத நீரையே உறிஞ்சுகின்றன. சிமெண்டுத் தரையும் கருங்கல் தரையும் ஈரத்தைப் பெரிதும் தாங்குபவை. அதனால்தான் வெள்ளிக்கிழமையும் பண்டிகை நாளும் வந்தால் வாளி வாளியாக ஊற்றி வீட்டைக் கழுவும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியது. இப்போது நகரத்து அடுக்ககங்களின் படுக்கையறைகளுக்கு மரத்தரை வந்திருக்கிறது. தரை மாறிவிட்டது; துடைக்கும் பழக்கம் மாறவில்லை. சில ஆண்டுகளில் பலகைகள் ஓரம் தூக்கி, நிறம் கறுத்துப் போகும்போது, பழி வீட்டு வேலை செய்யும் பெண்மணியின் மீது விழுகிறது. அவரிடம் பினாயிலையும் வாளியையும் கொடுத்தவர் யார் என்பதை எவரும் கேட்பதில்லை.

மரம் வெட்டப்பட்ட பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மரத்துக்குள் சுமார் 12 சதவீத ஈரம் நிற்கும். ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டால் அது ஏறத்தாழ 20 சதவீதமாக உயரும். ஈரம் ஏறினால் பலகை அகலவாக்கில் உப்பும், இறங்கினால் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. எனவே கோடையில் பலகைகளுக்கிடையே மெல்லிய இடைவெளி தெரிவது இயல்பே. அதை உடனே மக்கு வைத்து அடைத்துவிட்டால், வடகிழக்குப் பருவமழையில் உப்பும் மரத்துக்கு இடமிருக்காது. சுவரோரமாக விடப்படும் இடைவெளியும் இதற்காகவே. அதைச் சிமெண்டு பூசி மூடக் கூடாது.

முதலில், நம் வீட்டில் இருப்பது எது என்று அறிய வேண்டும். முழு மரப்பலகையைப் பலமுறை இழைத்து மெருகேற்றலாம். மேலே சில மில்லிமீட்டர் மட்டுமே நல்ல மரம் ஒட்டிய அடுக்குப் பலகையை ஓரிரு முறைக்கு மேல் இழைக்க இயலாது. மேலடுக்கு மிக மெல்லியதாயின் அதுவும் கூடாது. மரத்தின் படத்தை மரத்தூள் அட்டையின் மீது ஒட்டிச் செய்யும் லேமினேட்டை இழைக்கவே முடியாது.

அன்றாடப் பராமரிப்பில் முதல் எதிரி மணல். மணலிலுள்ள குவார்ட்சு, மரத்தின் மேற்பூச்சைவிடக் கடினமானது. காலடியில் சிக்கி உப்புத்தாள்போல் தேய்க்கும். வாசலில் மிதியடி போடுவதும், மென்மையான துடைப்பத்தால் நாள்தோறும் பெருக்குவதும் பாதி வேலையை முடித்துவிடும். வாரம் ஒருமுறை, மைக்ரோஃபைபர் துணியை நன்றாகப் பிழிந்து, பலகை ஓடும் திசையிலேயே துடைக்கலாம். துடைத்த ஈரம் ஓரிரு நிமிடங்களில் உலர்ந்துவிட வேண்டும். உலரவில்லையெனில் துணியில் தண்ணீர் மிகுதி என்று பொருள். நாற்காலிக் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டுவது கீறலைத் தடுக்கும்.

பினாயில், சோப்புத்தூள், வினிகர், எலுமிச்சைச் சாறு, நீராவி மாப் ஆகியவை மரத்துக்கு ஆகாதவை. மரத்தரைக்கென விற்கப்படும், அமிலமோ காரமோ அல்லாத திரவம் போதும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் மரத்தில் பயன்படுத்தவே கூடாது. இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்தால் நச்சான குளோரின் வாயு வெளிப்படும் என்பதால், எந்தத் தரைக்காகவும் அவற்றைச் சேர்க்கக் கூடாது.

நம் வீடுகளுக்கே உரிய சில எச்சரிக்கைகளும் உண்டு. தேக்கு, ஓக் போன்ற மரங்களிலுள்ள துவர்ப்பொருள், ஈரத்தின் வழியே வரும் இரும்புடன் சேர்ந்து கரும்படிவமாகும். துருப்பிடித்த இரும்பு முக்காலியும் இரும்புச்சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரும் அந்தக் கறையை உண்டாக்கும். ஈர மாக்கோலத்தை மணையின் மீது இட்டுத் தரையில் வைக்கலாம். விளக்குக்கடியில் தட்டு இருக்கட்டும். குளிர்சாதனக் கருவியின் கசிவை உடனே சரிசெய்ய வேண்டும். பலகைக்கடியில் தேங்கும் ஈரம் கரையானுக்கு அழைப்பு.

மேற்பூச்சு நலமாக உள்ளதா என்பதை ஒரு துளி நீர் சொல்லிவிடும். துளி முத்தாக நின்றால் கவலையில்லை. ஊறிப்போய் மரம் கருத்தால் பூச்சு தேய்ந்துவிட்டது. அப்போதே மேற்பூச்சைப் புதுப்பித்தால் செலவு குறைவு; மரம் கெடும்வரை காத்திருந்தால் பலகையையே மாற்ற நேரிடும்.

இவற்றில் எதுவும் கடினமானதன்று. ஆனால் இதை அறிந்து சொல்ல வேண்டியவர் தரையை வாங்கியவரே. ஐந்து வீடுகளில் ஓட்டுத் தரையைத் துடைத்துவிட்டு ஆறாவது வீட்டுக்கு வருபவருக்கு, அங்குள்ள தரை வேறு என்று யாரேனும் சொன்னால்தானே தெரியும்? பிழிந்த துணி ஒன்றும், பொறுமையாகச் சொல்லும் சில சொற்களும் மரத்தரையைப் பல்லாண்டு காக்கும். உழைப்பவரின் ஊதியத்தையும் மதிப்பையும் சேர்த்தே காக்கும்.