தீங்கற்ற தசைத்துடிப்பு நோய்த்தொகை

தீங்கற்ற தசைத்துடிப்பு நோய்த்தொகை என்பது, வேறு நரம்பியல் நோய் எதுவும் இன்றித் தசைகள் தாமாகவே அடிக்கடி துடிக்கும் நிலை ஆகும். கண்ணிமை, கெண்டைக்கால், தொடை, கட்டைவிரல் ஆகிய இடங்களில் இத்துடிப்பு பெரும்பாலும் காணப்படும். இதனால் உயிருக்கு ஊறு இல்லை. எனினும், இது இயக்க நரம்பணு நோயின் தொடக்கமோ என்னும் அச்சம் துடிப்பைக் காட்டிலும் பெருந்துன்பமாக அமைவதுண்டு. மருத்துவர் சோதித்து நோயில்லை எனக் கூறிய பின்னரும் இவ்வச்சம் சிலரை விட்டு அகலுவதில்லை.

துடிப்பு நிகழும் விதம்

ஓர் இயக்க நரம்பணுவும் அது இயக்கும் தசைநார்களும் சேர்ந்து இயக்க அலகு எனப்படும். மூளையின் கட்டளையின்றி ஓர் அலகு தூண்டப்படும்போது, அதன் நார்கள் ஒருங்கே சுருங்கித் தோலின் கீழ் சிறு அசைவாகத் தெரிகின்றன. கடும் உடற்பயிற்சி, களைப்பு, தூக்கமின்மை, மிகுதியான காப்பி, மனப்பதற்றம் ஆகியன இதனைத் தூண்டலாம். நலமுள்ளவர்களுக்கும் இது அவ்வப்போது ஏற்படும்.

இயக்க நரம்பணு நோயிலிருந்து வேறுபாடு

இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கிற்கு 1963 இல் கண்டறியப்பட்டது இயக்க நரம்பணு நோய் ஆகும். இந்நோயிலும் தசைகள் துடிக்கும். ஆனால் இதில் நரம்பணுக்கள் அழிவதால் தசைகள் வலுவிழந்து மெலிகின்றன. சட்டைப் பொத்தானை மாட்ட இயலாமை, நடக்கையில் பாதம் தடுக்குதல், பேச்சுக் குழறல் போன்றவை தோன்றும். எனவே மருத்துவர் தசைவலு, தசைப்பருமன், நாக்கு, தசைநாண் மறிவினை ஆகியவற்றைச் சோதிக்கிறார். தேவையெனில் நுண்ணூசி கொண்டு தசை மின்வரைவு எடுக்கப்படும்.

அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் தீங்கற்ற துடிப்பு உடைய 121 பேர் 2 முதல் 32 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். அவர்களுள் எவருக்கும் இயக்க நரம்பணு நோய் ஏற்படவில்லை என்பது 1993 இல் வெளியிடப்பட்டது. அவர்களுள் மருத்துவத் துறையினர் கணிசமாக இருந்தனர். நோயைப் பற்றி அறிந்திருப்பதும் அச்சத்திற்கு வழிவகுக்கும் என்பதை இது காட்டுகிறது.

அச்சம் நீடிப்பதன் காரணம்

மருத்துவரின் சொல் தரும் ஆறுதல் குறுகிய காலமே நிற்கிறது. "சோதனையில் ஏதேனும் தவறியிருக்குமோ" என்ற ஐயம் எழுந்ததும், அச்சமுற்றவர் தம் உடலைத் தாமே சோதிக்கத் தொடங்குகிறார். குதிகாலில் நடந்து பார்க்கிறார். கைப்பிடியை இறுக்கிப் பார்க்கிறார். இரு கால்களையும் அளந்து ஒப்பிடுகிறார். இதனால் தசை களைப்புற்று மேலும் துடிக்கிறது. அத்துடிப்பு புதிய சான்றாகத் தோன்றி அச்சத்தைப் பெருக்குகிறது. ஒவ்வொரு சோதனையும் சிறிது நேரம் நிம்மதி தருவதால், சோதிக்கும் பழக்கமும் வலுப்பெறுகிறது.

2013 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட வகைப்பாடு, கடும் அறிகுறிகள் இன்றியும் நோய் குறித்த அச்சம் 6 மாதங்களுக்குக் குறையாமல் நீடித்தால் அதனை நோய்ப் பதற்றச் சீர்குலைவு எனக் குறிப்பிடுகிறது.

சிகிச்சை

அறிதிறன் நடத்தை சிகிச்சை இதற்குப் பயன் தருகிறது. உடலைச் சோதிப்பதையும் பிறரிடம் மீண்டும் மீண்டும் உறுதி கேட்பதையும் படிப்படியாகக் குறைப்பது இதன் முக்கிய பகுதியாகும். தேவைப்படின் மருத்துவர் மருந்தும் பரிந்துரைப்பார். அச்சம் கற்பனையில் எழுந்ததாயினும் அது தரும் துன்பம் உண்மையானது. ஆகவே இவர்களை ஏளனம் செய்தல் தகாது. துடிப்பு மட்டும் தொடர்வது புதிய நோய்க்கு அடையாளமன்று. வலுவிழப்பு, தசை மெலிவு, பேசவோ விழுங்கவோ இடர்ப்பாடு ஆகியன புதிதாகத் தோன்றினால் மீண்டும் மருத்துவரை அணுக வேண்டும்.